காண்டலும் கவர்தலும்

கண்ணுக்கினிய ஒன்றைக் கண்டவுடன் அதனைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் விழைவு மனிதனுக்கு இயல்பாகவே எழுகின்றது. பூவைக் கண்டால் பறிக்கின்றோம். கிளியைக் கண்டால் கூண்டினைத் தேடுகின்றோம். இவ்விரண்டையும் தவறென்று விட்டொழித்த நல்லவர்கூட, "ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேனே" என்பார். படம் எடுப்பதால் யாருக்கு என்ன இழப்பு? பூ செடியிலேயே நிற்கின்றது. பறவை தன் வழியே பறந்து செல்கின்றது. குற்றமற்ற இன்பம் என்று ஒன்று உண்டாயின் அது இதுவே என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை ஒரு கோடையில் ஆட்டம் கண்டது. அதனையொட்டி எழுந்த வினாவை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் புகைப்படக் கலைஞன் அல்லன். தலைநகரில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நடுவணரசு எழுத்தன். 2017ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டிக் கிடைத்த போனஸ் தொகை 6,908 ரூபாய். அத்தொகைக்குள்ளேயே சட்டைப்பையில் அடங்கும் சிறிய காமிரா ஒன்றை வாங்கினேன். எட்டு மடங்கு ஜூம் உடையது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. எட்டு மடங்கு என்பது கடையில் பெரிதாகத் தெரியும். மரத்தின் உச்சியில் அமர்ந்த பறவையை நோக்கினால்தான் அது எவ்வளவு சிறிது என்று விளங்கும். விலை மிக்க கருவி உடையவர் தொலைவில் நின்றே பறவையின் இறகை எண்ணலாம். என் போன்றவர் பறவையை நெருங்க வேண்டும். இந்த நெருக்கத்தில்தான் அறத்தின் சிக்கல் தொடங்குகின்றது.

2019ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் அரசுக் குடியிருப்புக்குப் பின்னே சரளை பரந்த வெற்றிடம் ஒன்று உண்டு. அங்கே ஆள்காட்டிப் பறவை ஒன்று முட்டையிட்டிருந்தது. இப்பறவை கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழிவில் சில கற்களை அண்டைகொடுத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டையின் நிறமும் புள்ளிகளும் சரளையோடு கலந்துவிடுவதால், இரண்டடி தொலைவில் நிற்பவர்க்கும் அவை எளிதில் புலப்படா. ஆள் வருவதைத் தொலைவிலேயே கண்டு கூவி ஊருக்கு அறிவிப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. நான் நெருங்கியதும் இரு பறவைகளும் எழுந்து என் தலைக்கு மேல் சுழன்று கதறத் தொடங்கின. நான் அஞ்சவில்லை, மகிழ்ந்தேன். குந்தி அமர்ந்து, முட்டைகளின் கூர்முனைகள் உள்நோக்கி ஒன்றையொன்று தொடுமாறு கிடந்த அழகைப் பல கோணங்களில் எடுத்தேன். தாய் திரும்பி வந்து அமரும் காட்சியும் வேண்டும் என்று மேலும் காத்திருந்தேன். இருபது நிமிடங்கள் சென்றன. என் முன்னே பறவை வந்து அமரவில்லை.

படம் நன்றாகவே அமைந்தது. அலுவலகத்தில் நண்பர்கள் பாராட்டினர். மூன்றாம் நாள் மீண்டும் சென்றேன். குழிவு இருந்தது; முட்டைகள் இல்லை. அருகிருந்த சுவரின் மேல் காகம் ஒன்று அமர்ந்திருந்தது. காகம் எடுத்ததோ, கீரி உண்டதோ, நான் அறியேன். நான் செல்லாதிருந்தாலும் அவை அழிந்திருக்கக் கூடும். ஆயினும், பறவையின் கதறல் எங்கே எழுகின்றதோ அங்கே முட்டை உண்டு என்று காகத்துக்குத் தெரியும். அக்கதறலை எழுப்பியவன் நான்.

பிறகுதான் அப்பறவையைப் பற்றிப் படித்தேன். (படம் எடுத்த பின்னர்ப் படித்தேன் என்பதிலேயே என் பிழை அடங்கியுள்ளது.) வடநாட்டுக் கோடையில் தாய்ப்பறவை முட்டையின் மேல் அமர்வது சூடேற்றுவதற்கு மட்டும் அன்று, வெயிலை மறைப்பதற்கும் ஆகும். நீர்நிலைக்குச் சென்று வயிற்றின் இறகுகளை நனைத்து வந்து, அவ்வீரத்தால் முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. அவ்வாறு ஏறக்குறைய நான்கு வாரம் காக்கும் காவலில் இருபது நிமிடத்தை நான் பறித்தேன். பஞ்சதந்திரத்தில் டிட்டிபம் என்னும் பறவையின் கதை வருகின்றது. தன் முட்டைகளை வாரிச் சென்ற கடலோடு வழக்காடி, இறுதியில் அவற்றை மீட்ட பறவை அது. டிட்டிபம் என்பது இந்த ஆள்காட்டியின் இனமே. சிறுவயதில் அக்கதையைக் கேட்டபோது நான் பறவையின் பக்கம் நின்றேன். இப்போது கடலின் பக்கம் நிற்பதை உணர்ந்தேன்.

சட்டமும் இவ்விடத்தில் வாளாவிருக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ குலைத்தலும் அடங்கும். விதிகளையும் உட்பிரிவுகளையும் நாள்தோறும் புரட்டும் எனக்கு அவ்வரி புதிதாகத் தோன்றியது. துப்பாக்கியைக் கையால் தொட்டறியாதவனும் வேட்டைக்காரன் ஆகலாம் என்கின்றது அது. நம் தமிழும் இதையே வேறு வகையில் கூறுகின்றது. படம் 'காண்கிறேன்' என்று நாம் சொல்வதில்லை. 'எடுக்கிறேன்', 'பிடிக்கிறேன்' என்கின்றோம். எடுத்தலும் பிடித்தலும் கையின் தொழில்கள், கண்ணின் தொழில்கள் அல்ல. 'எனக்குப் பிடிக்கும்' என்று விருப்பத்தைக் கூறும்போதும் அதே சொல்லே வந்து நிற்கின்றது. விரும்புதலும் பற்றுதலும் நம் நாவில் இவ்வளவு நெருங்கியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நிற்க. இதற்கு மறுப்பும் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. பறவைகளைச் சுட்டு வீழ்த்தி அறிந்த காலம் ஒன்று இருந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அத்துறைக்குள் புகுந்ததே, சிறுவயதில் தம் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டு எது என்று அறிய விரும்பியதால்தான். துப்பாக்கி இருந்த இடத்தில் காமிரா வந்தது உயிர்கட்குப் பெருநன்மை அன்றோ? நம்மவரான மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். காமிராவின் உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களும் உண்டு. அவற்றைக் கண்டு காட்டின்மேல் அன்பு கொண்டவர் பலர். படம் இல்லையேல் நகரவாசிக்குக் காட்டின் மேல் பரிவு பிறப்பது எங்ஙனம்?

இம்மறுப்பை ஏற்கின்றேன். எனவே, படம் எடுத்தல் நன்றா தீதா என்பது என் வினா அன்று. அதற்குரிய விலையை யார் கொடுக்கின்றார் என்பதே வினா. என் படத்துக்கு நான் கொடுத்தது இருபது நிமிடம். பாராட்டு எனக்கு வந்தது. மிச்ச விலை முழுவதும் பறவையின் கணக்கில் எழுதப்பட்டது.

இதற்கான விடை எனக்கு வானத்திலிருந்து கிடைத்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. வண்டிகளும் ஆலைகளும் ஓய்ந்தமையால் தில்லியின் வானம் நான் கண்டறியாத தெளிவோடு விளங்கியது. ஏப்ரல் 3ஆம் நாள் மாலை, மேற்கு வானில் வெள்ளிக் கோள் கார்த்திகை மீன்கூட்டத்தின் நடுவே நின்றது. எட்டாண்டுக்கு ஒருமுறை இக்காட்சி ஏறத்தாழ அதே நாளில் திரும்ப வரும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன் மேல் காமிராவை அமர்த்தினேன். விரல் பட்டு அசையாதிருக்க, இரண்டு நொடி தாமதித்துத் திறக்குமாறு செய்தேன். பதினைந்து நொடி அது திறந்தே கிடந்தது. நான் செய்யத்தக்கது வேறொன்றும் இல்லை. மூச்சடக்கி அருகில் நிற்பதே என் பணி.

படத்தில் வெள்ளி ஒரு வீங்கிய ஒளிக்கட்டியாகவும், அதனருகே ஆறேழு மீன்கள் ஊசிமுனைகளாகவும் தெரிந்தன. நல்ல கருவி உடையவர் அதனைக் கண்டு நகைப்பர். ஆனால், அம்மீன்களின் ஒளி ஏறத்தாழ 440 ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. மதுரையில் நாயக்கர் ஆண்ட நாளில் புறப்பட்ட ஒளி, என் அரிசிப்பை மேலிருந்த காமிராவுக்குள் தானே வந்து நுழைந்தது. நான் எதையும் பிடிக்கவில்லை. வந்ததை ஏற்றேன். கார்த்திகைக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.

வானம் நம்மால் கலையாது. எவ்வளவு விரும்பினும் ஓரடிகூட நெருங்க இயலாது. அதனாலேயே அங்கே நம் பார்வை தூயதாக இருக்கின்றது. மண்ணில் நெருங்க இயலும். நெருங்காமல் நிற்பதுதான் அறம். மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணிப் போர்வை அளித்த பேகனை நம் முன்னோர் வள்ளல் என்று போற்றினர். கண்டதற்கு ஈடாக எதையேனும் கொடுத்தவன் அவன். நம்மிடம் கொடுக்கப் போர்வை இல்லையேல், இடைவெளியையாவது கொடுக்கலாம்.

அன்று முதல் என் காமிராவின் எளிமையைக் குறையாக எண்ணுவதை விட்டேன். 1990இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஓக்லாவுக்குக் குளிர்காலத்தில் செல்கின்றேன். யமுனையில் மிதக்கும் ஊசிவால் வாத்துகள் என் படங்களில் புள்ளிகளாகவே விழுகின்றன. "பறவை எங்கே?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். அப்புள்ளியைச் சுட்டிக் காட்டுகின்றேன். அப்பறவை எனக்கு இசைந்த தொலைவு அவ்வளவே. படமும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. முட்டைகளின் படத்தை நான் அழிக்கவில்லை, அழித்தால் மறந்துவிடுவேன். ஆனால் எவர்க்கும் காட்டுவதும் இல்லை.

2021ஆம் ஆண்டு கோடையில் அதே சரளைத் தரையில் ஆள்காட்டி மீண்டும் முட்டையிட்டது. நான் மாடியில் சன்னலுக்கு உட்புறமே நின்று பார்த்தேன். பறவை ஒருமுறை தலையைத் திருப்பி நோக்கிற்று. பின் இறகைத் தாழ்த்தி முட்டைகளின் மேல் அமர்ந்தது. அன்று அது கூவவில்லை. ஆளைக் காட்டவும் இல்லை.