செபமும் இறை ஐக்கியமும்

குறையுடையோன் ஒருவன், கொடுக்க வல்லோன் ஒருவனிடம் தன் குறையை எடுத்துரைத்தலே செபம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்தை ஏற்குமிடத்துத் தடையொன்று உடனே எழுகின்றது. கடவுள் அனைத்தும் அறிந்தவர் எனின், அவருக்கு எதனைத்தான் எடுத்துரைத்தல் கூடும்? அவருடைய திருவுளம் மாறாதது எனின், வேண்டுதலால் விளையும் பயன் யாது? இத்தடையை எழுப்பியோர் இறைமறுப்பாளர் மட்டுமல்லர்; கிறித்தவச் சிந்தனையாளரும் இதனைத் தம்முள் எழுப்பி விடை தேடியுள்ளனர்.

கி.பி. 410இல் உரோமாபுரி சூறையாடப்பட்டபின் வட ஆபிரிக்காவிற் புகலிடம் தேடிய உயர்குடிக் கைம்பெண் புரோபா, எவ்வாறு செபித்தல் வேண்டும் எனப் புனித அகுஸ்தீனாரிடம் வினவினார். ஏறத்தாழ 412இல் எழுதப்பட்ட மறுமொழிக் கடிதத்திலே, செபம் கடவுளுக்கு எதனையும் அறிவித்தற்கு அன்று. மனிதனது வேட்கையைப் பயிற்றி, அருளப்படுவதைப் பெறத்தக்கவனாக அவனை ஆக்குதற்கே எனத் தெளிவுறுத்தினார். கொடை பெரிது, கலமோ சிறிது. கலத்தை விரிவாக்குதலே செபத்தின் தொழில். 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாசும், இறைவனது ஏற்பாட்டை மாற்றுவது செபத்தின் நோக்கமன்று என்றே கொண்டார். ஆகவே செபத்தினால் மாறுபவர் கடவுள் அல்லர், செபிப்பவனே.

அம்மாற்றத்தின் முடிநிலையையே அநுபூதிமான்கள் இறை ஐக்கியம் என்றனர். ஸ்பானிய நாட்டு அவிலா நகரத் தெரேசா, 1565இல் நிறைவுசெய்த தம் வாழ்க்கை வரலாற்றில், செபத்தின் வளர்ச்சியை ஒரு தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நான்கு முறைகளால் விளக்கினார். முதலில் கிணற்றிலிருந்து கையால் நீர் இறைக்க வேண்டும். அடுத்து நீர்ச்சக்கரம் உழைப்பைக் குறைக்கின்றது. பின்னர் ஓடைநீர் தோட்டத்துட் பாய்கின்றது. ஈற்றில் மழையே பொழிகின்றது. படிப்படியாக மனித முயற்சி குறைய, அருளின் செயல் மிகுகின்றது.

ஆயினும் 'ஒன்றாதல்' என்னும் சொல் ஐயத்துக்கு இடமானது. மனிதன் இறைவனுள் மறைந்தொழிகின்றானா, அன்றி மனிதனாகவே நிலைக்கின்றானா? ஜேர்மனிய ஞானி எக்கார்ட்டின் 28 கூற்றுக்களை, அவர் இறந்தபின், 1329இல் பாப்பரசர் 22ஆம் அருளப்பர் கண்டித்தார். மனிதன் முற்றிலும் இறைவனாக மாற்றப்படுகின்றான் என்பது அவற்றுள் ஒன்று. தெரேசாவின் சமகாலத்தவரான சிலுவை அருளப்பர் இச்சிக்கலுக்குப் பலகணிக் கண்ணாடியை உவமையாக்கினார். மாசற்ற கண்ணாடியிலே கதிரவன் ஒளி படிந்தால், கண்ணாடியும் ஒளியேபோற் தோன்றும். ஆயினும் கண்ணாடி கண்ணாடியே. ஒன்றுபடுவது இயல்பு அன்று. அன்பினால் இசையும் விருப்பமே.

விருப்பத்தின் ஒருமையே ஐக்கியம் எனின், அறவியல் சார்ந்த வினா ஒன்று எஞ்சுகின்றது. தான் ஒன்றியிருப்பது இறைவனது விருப்பத்தோடா, தன் விருப்பத்தின் நிழலோடா என்பதைச் செபிப்பவன் எங்ஙனம் அறிவான்? அமைதியும் பரவசமும் கண்ணீரும் சான்றாகா. அவை உடல்நிலையினாலும் கற்பனையினாலும் தோன்றக்கூடியவை. தன் உணர்வைத் தானே சோதிப்பவன் வழக்காளியும் நீதிபதியும் தானே ஆகின்றான்.

இவ்விடர் வெறும் ஊகமன்று. ஸ்பானியக் குருவாகிய மொலினோஸ் உரோமையிற் போதித்த அமைதி நெறி தொடர்பாக, 1687இல் பாப்பரசர் 11ஆம் இன்னொசென்ற் 68 கூற்றுக்களைக் கண்டித்தார். ஆன்மா முற்றிலும் செயலற்றுக் கிடத்தல் வேண்டும், சோதனைகளை எதிர்க்க வேண்டுவதில்லை என்ற போக்கு அவற்றிற் காணப்பட்டது. தன் செயல் அனைத்தும் இறைவன் செயலே எனக் கருதுபவனுக்குத் தன் குற்றம் புலப்படாது. ஐக்கியத்தின் பெயரால் மனச்சாட்சி உறங்கிவிடுகின்றது.

தெரேசா இவ்விடரை நன்கறிந்திருந்தார். 1577இல் எழுதிய 'உள்ளரண்' என்னும் நூலிலே, ஒருவர் கடவுளை அன்புசெய்கின்றாரா என்பதை உறுதியாக அறிதல் அரிது. அயலாரை அன்புசெய்கின்றாரா என்பதையோ அறியலாம் என்று அவர் கூறினார். பக்தி கலைந்துவிடுமோ என அஞ்சி அசையாது செபித்திருக்கும் கன்னியரை நோக்கி, நோயுற்ற சகோதரிக்கு உதவ இயலுமாயின் அப்பக்தியை இழப்பதற்குத் தயங்க வேண்டாம் என்றார். எக்கார்ட்டும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே, பவுலடியார் பெற்றது போன்ற பரவசத்தில் இருப்பவனாயினும், நோயாளிக்குச் சிறிது சூப் தேவையென அறிந்தால், அன்பின்பொருட்டு அப்பரவசத்தை விட்டெழுதல் மேல் எனப் போதித்திருந்தார். ஒருவருடைய கூற்றுக்களைத் திருச்சபை கண்டித்தது. மற்றவரை 1970இல் மறைவல்லுநராக உயர்த்தியது. ஐக்கியத்தின் இயல்பைப் பற்றி வெவ்வேறாக மதிப்பிடப்பட்ட இருவரும், அதன் அடையாளத்தைப் பற்றி ஒரே முடிவினராய் இருத்தல் சிந்திக்கத்தக்கது.

அங்ஙனமாயின் தொண்டு ஒன்றே போதாதா, செபம் எதற்கு என வினவலாம். தொண்டிலும் தன்முனைப்பு புகக்கூடும். உதவுபவன், உதவி பெறுவோன் தனக்கு அடங்கியிருத்தலை விரும்பக்கூடும், புகழை விரும்பக்கூடும், தன் திட்டமே நீதியெனச் சாதிக்கக்கூடும். செபத்தின் உண்மையைத் தொண்டு சோதிக்கின்றது. தொண்டின் தூய்மையைச் செபம் சோதிக்கின்றது. மார்த்தாவும் மரியாளும் இணைந்தே ஆண்டவரை உபசரித்தல் வேண்டும் எனத் தெரேசா வற்புறுத்தியதன் கருத்து இதுவே. ஐக்கியத்தின் உச்சநிலையை விளக்கிய இடத்திலேயே அவர் இதனைக் கூறினார். 1562 முதல் 1582இல் இறக்கும்வரை பதினேழு கன்னியர் மடங்கள் நிறுவப்பட அவர் உழைத்தார்.

இவ்விரண்டும் பிரியாது நிற்கும் இடம் கெத்சமனித் தோட்டம். அங்கு யேசு தம் வேண்டுதலை மறைக்கவில்லை. துன்பக்கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டும் என்றே முதலிற் கேட்டார். பின்னர் அவ்விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்கு ஒப்புவித்தார். கிண்ணம் அகலவில்லை. ஆயினும் அச்செபம் வீணாயிற்று எனக் கிறித்தவ மரபு கருதியதில்லை. செபம் முடித்து எழுந்தவர், உறங்கிக் கிடந்த சீடரை எழுப்பி, தம்மைப் பிடிக்க வந்தோரை எதிர்கொண்டார். வேண்டியது கிடைக்காதபோதும் அன்பிலிருந்து விலகாமல் எழுந்து நடத்தற்கு வேண்டிய வலிமையே செபத்தின் பயன். அந்நடையே ஐக்கியத்தின் சான்று.