துக்க வீட்டில் நாம்

முஸீபத்து நேர்ந்த வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்று நம்மிடம் பலர் கேட்கிறார்கள். ஆலிம்களாகிய நாமே இதில் தவறியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், கடலில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயாருக்கு ஸப்ரின் சிறப்பை அரைமணி நேரம் எடுத்துரைத்தோம். திரைக்குப் பின்னாலிருந்து சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி கஞ்சிக் கோப்பையோடு வந்து, "ஆலிம்சா, அவ ரெண்டு நாளா ஒண்ணும் குடிக்கலை. கொஞ்சம் எழும்புறீங்களா?" என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். நாம் ஓதிய கிதாபிலேயே இருந்த செய்தி ஒன்று வழியெல்லாம் நெஞ்சை அறுத்தது.

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பிய சமயம், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பினார்களல்லவா? ஒரு மாத காலம் அது பற்றி வஹீ வரவில்லை. செய்தி தெரிந்ததும் அன்னை அவர்கள் ஈரலே பிளந்துவிடும் என்னுமளவு அழுதார்கள். பெற்றோர் அருகில் இருந்தார்கள். அப்போது அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் அனுமதி கேட்டு உள்ளே வந்தார். வந்து என்ன செய்தார்? உட்கார்ந்து, கூடவே அழுதார். புகாரி ஷரீஃபில் வருவது இவ்வளவுதான். அவர் பெயர்கூட அங்கில்லை. ஆனால் பின்னாளில் அந்தச் சோதனையை விவரித்தபோது அன்னை அவர்கள் அவரைச் சொல்லாமல் விடவில்லை!

(ஒப்பாரி வைப்பதும் மாரடிப்பதும்தான் கூடாது. கண்ணீர் கூடாதென்று யார் சொன்னது? மகனார் இப்ராஹீம் மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் கண்களும் கண்ணீர் வடித்தன.)

குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வானிலிருந்து வந்தது, மெய்தான். அது வரும்வரை தாங்கியது யார்? அன்று அப்படி அழுதவர்கள்தாம் பிறகு 2,210 ஹதீஸ்களை அறிவித்து, மூத்த ஸஹாபிகளும் ஐயம் கேட்டு வரும் ஆசானாக விளங்கினார்கள். தம் உறவில் மவுத்து நேர்ந்தால், கூடியிருந்த பெண்கள் கலைந்தபின் 'தல்பீனா' என்னும் மாக்கஞ்சி காய்ச்சச் சொல்வார்களாம். அது நெஞ்சுக்கு இதமளித்துக் கவலையில் சிறிதைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருந்தார்கள். 'சிறிதை' என்பதைக் கவனியுங்கள். முழுவதும் போகுமென்று யாரும் வாக்களிக்கவில்லை.

ஹிஜ்ரி 8 (கி.பி. 629) மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர்கள் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி பெருமானார் பிறரைப் பணித்தார்கள். நம் ஊர்களிலோ, மய்யித்து வீட்டார் கடன் வாங்கித் தேக்சா ஏற்றுகிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் பந்தியில் உட்காருகிறார்கள். இது யாருடைய சுன்னத்து?

பந்தி முடிந்தபின் அந்த வீட்டுப் பக்கம் யார் போகிறார்கள்?

அந்த மூதாட்டி போனார்கள். ஓராண்டு காலம் அஸருக்குப் பின் அந்தத் தாயாருடன் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்களாம். இன்று அந்தத் தாயார் தெருப்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறார்கள். மகன் பெயரைச் சொன்னால் இப்போதும் கண் நிறைகிறது, ஓதல் நிற்பதில்லை. அடுத்த முறை அங்கே சென்றபோது நாம் பயான் எதுவும் செய்யவில்லை. மகனைப் பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.