ஒரு மூச்சில் ஓர் உடல்

மனித உடல் அணுவில் தொடங்கிப் படிப்படியாக முழு ஆளாகிறது. தூத்துக்குடிக் கடலில் 1961 வரை கல்லைப் பிடித்து இறங்கி முத்துச்சிப்பி அள்ளிய குளியாளியின் ஒரு மூச்சுக்குள் அந்தப் படிகள் அத்தனையும் அடங்கும். ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வது இரும்பு அணு. நான்கு இரும்பு அணுக்களைச் சுமப்பது ஹீமோகுளோபின் மூலக்கூறு. ஒரு சிவப்பணுவுக்குள் அப்படி ஏறத்தாழ 27 கோடி மூலக்கூறுகள். அவற்றுக்கு இடம்விட்டு உட்கருவையே துறந்துவிடுகிறது அந்தச் செல்.

ஒரு வேலைக்கென்று செல்கள் கூடினால் திசு. எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என அடிப்படையில் நான்கே வகை. ஓடும் ரத்தமும் இணைப்புத் திசுதான்.

திசுக்கள் பல சேர்ந்தால் உறுப்பு. குளியாளிக்கு நுரையீரலோடு மண்ணீரலும் முக்கியம். இடது விலாவுக்கு அடியில் கைமுட்டி அளவே உள்ள அது, மூச்சடக்கி மூழ்கும்போது சுருங்கி, சேமித்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கலக்கிறது.

உறுப்புகள் ஒன்றுகூடி இயங்குவது மண்டலம். முகம் நீரில் அமிழ்ந்ததும் நரம்பு மண்டலம் இதயத் துடிப்பைத் தணிக்கிறது. கைகால்களின் ரத்தக்குழாய்கள் ஒடுங்க, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் முதலில் போகிறது. மேலே வரச்சொல்லி நெஞ்சை முட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவன்று, கார்பன் டை ஆக்சைடின் பெருக்கம். மண்டலங்கள் அனைத்தும் சேர்ந்த முழு மனிதர் அப்போதுதான் கயிற்றைச் சுண்டுவார். தோணியில் நிற்பவர் இழுத்து மேலேற்றுவார்.