உறக்கத்தில் இசைந்தவன் எவன்?

ஆடவன் உறங்குகையில் பெண்ணுருவில் வந்து அவனைக் கூடிச் செல்வதாக இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவ மரபு நம்பிய பேய்க்குச் சக்குபஸ் என்று பெயர். பெண்களிடம் ஆணுருவில் வருவது இன்குபஸ். இன்றைய அமானுஷ்யக் காமக் கதைகளில் சக்குபஸ் மீண்டும் செல்வாக்குப் பெற்றிருப்பதற்கு அதன் கவர்ச்சியைக் காட்டிலும், அது நாயகனுக்கு அளிக்கும் வசதியே முதன்மையான காரணம் எனலாம்: ஆசை அவனுடையது, பொறுப்போ அவளுடையதாகிவிடுகிறது. இந்த வசதியைக் கதாசிரியர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கனவில் தரும் இசைவுக்கு உறங்குபவன் பொறுப்பாவானா என்று துறவு மரபுகள் பல நூற்றாண்டுகள் மல்லுக்கட்டியதன் எச்சமே அது.

இக்கேள்வியைப் பேயின் துணையின்றி எதிர்கொண்டவர் அகுஸ்தினார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான சில ஆண்டுகளில் எழுதிய தன்வரலாற்று நூலின் பத்தாம் பகுதியில், விழிப்பில் வலுவிழந்து கிடக்கும் பழைய காட்சிகள் உறக்கத்தில் தம்மை இன்பத்தோடு விடாமல் இசைவுவரை இழுத்துச் செல்வதை ஒப்புக்கொண்டு, அவ்வேளையில் தாம் தாமாக இல்லையா, கண்களோடு அறிவும் மூடிக்கொள்கிறதா என்று இறைவனிடமே கேட்கிறார். சில கனவுகளில் தாம் மறுத்து நிற்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அறிவு முற்றிலும் உறங்கிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் அவரால் இயலவில்லை. பிற்காலத்தில் எழுதிய 'இறைவனின் நகரம்' என்னும் நூலில், காட்டுத் தேவதைகள் பெண்களைக் கூடுவதாகப் பலர் சொல்வதை எளிதில் மறுத்துவிட முடியாது என்று எழுதியவரும் அவரே. அத்தகைய நம்பிக்கை கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் தம் கனவுகளுக்கு அவர் அதைத் துணைக்கழைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எகிப்தியப் பாலைவனத் துறவிகளின் உரையாடல்களை 5ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த யோவான் காசியன் வேறொரு வழியைக் காட்டுகிறார். தூய்மையில் குறையற்ற துறவி ஒருவருக்கு, நற்கருணை என்னும் திருவிருந்தைப் பெற ஆயத்தமாகும் இரவுகளில் மட்டும் உறக்கத்தில் விந்து வெளியேறியது. அவரும் அஞ்சி விலகிக்கொண்டார். மூத்தோர் கூடி, மிகை உணவா, மனத்தின் கவனக்குறைவா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எதுவும் பொருந்தாததால், அவரைத் திருவிருந்திலிருந்து பிரிக்கச் சாத்தான் செய்யும் சூழ்ச்சியே இது என முடிவு செய்து, தயங்காமல் பங்குகொள்ளப் பணித்தனர்; தொல்லையும் நின்றது. இங்கே சாத்தான்மீது பழி விழுந்தது துறவியைக் குற்றவுணர்விலிருந்து மீட்பதற்கு, அதுவும் பிற காரணங்களைத் துருவிப் பார்த்த பின்னர். பிற்காலச் சூனியக்காரி வேட்டைகளில் இந்த நிதானம் காணாமற்போயிற்று. பேயோடு கூடியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பௌத்தம் இதே சிக்கலை இன்னும் கூர்மையாக அணுகியது. துறவியர் ஒழுக்க விதிகளின் தொகுப்பான விநய பிடகம், வேண்டுமென்றே விந்தை வெளியேற்றுவதைக் கடுங்குற்றமாக வைத்து, கனவில் நிகழ்வதற்கு மட்டும் விலக்களிக்கிறது. அங்கே எண்ணமே இல்லை என்று புத்தர் சொன்னதாக அந்நூல் கூறவில்லை. எண்ணம் உண்டு, ஆயினும் அது விதியின் கணக்கில் வராது என்பதே அவர் தீர்ப்பு. அகுஸ்தினாரின் தவிப்புக்கு இதனினும் பொருத்தமான விடை கிடைப்பது அரிது. பின்னர், பற்றறுத்த அரஹந்தருக்கும் உறக்கத்தில் விந்து வெளியேறுமா என்ற சர்ச்சை எழுந்தபோது, துறவியரை மயக்கும் தீயசக்தியான மாரனைச் சேர்ந்த தேவர்கள் அவரை ஐயத்தில் ஆழ்த்துவதற்காக அதைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்று ஒரு சாரார் வாதிட்டனர். காசியனின் மூத்தோர் கண்ட காரணத்துக்கு இது வெகு அருகில் வருகிறது. தேரவாதப் பிரிவினரின் 'கதாவத்து' என்னும் வாத நூல் இதை விடவில்லை: கொண்டுவரப்படுவது யாருடையது, தேவர்களுடையதா, பிறருடையதா, அரஹந்தருடையதா என்று வரிசையாக வினவி எதிர்வாதத்தைத் திணறடிக்கிறது. பேய்க்கதைகளை மடக்க இத்தகைய குறுக்கு விசாரணையைப் போல வேறெதுவும் உதவாது.

விந்து யாருடையது என்னும் இவ்வகைக் கேள்விக்கு ஐரோப்பாவில் முறையாக விடை கூற முயன்றவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். பேய்க்கு உடலோ விந்தோ இல்லையாதலால், அது பெண்ணாக ஒருவனிடம் பெற்றதை ஆணாக ஒருத்தியிடம் சேர்க்கலாம். அப்போதும் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை அந்த மனிதனே என்றார். உறக்கத்தில் அறிவின் தீர்ப்பு கட்டுண்டிருப்பதால் அப்போது விந்து வெளியேறுவது பாவமன்று என்பதும், ஆனால் அதற்கு முந்தைய காரணம் பாவமாக இருக்கலாம் என்பதும் அவர் முடிவு. பேயே கனவைத் தூண்டினாலும், அதற்கெதிராகத் தன்னைக் காத்துக்கொள்ளத் தவறியவனிடம் குற்றம் தங்கக்கூடும் என்று அவர் சேர்த்த விதி, சக்குபஸ் கதைகளின் நாயகனை மீண்டும் விசாரணைக்குள் கொண்டுவருகிறது. அக்கதைகளோ அவன் உறங்கப் போகுமுன் எதை எண்ணிக் கிடந்தான் என்று கேட்பதே அரிது. கேட்டால் பேய்க்கு அங்கே பெரிதாக வேலை இராது.