தவறிப்போகும் எண்ணமும் பாஸ்கலின் துண்டுத் தாள்களும்

மனத்தில் எழும் எண்ணத்தை மனிதன் தானே ஆக்குகிறானா, அல்லது வந்ததை வெறுமனே பெற்றுக்கொள்கிறானா என்ற வினாவை, பிரெஞ்சுக் கணித அறிஞரும் சமயச் சிந்தனையாளருமான பிளேஸ் பாஸ்கல் (1623–1662) குறிப்பெழுதிய முறையைக் கொண்டே ஆராயலாம். ஐயுறுவோர்க்குக் கிறித்தவ நெறியின் நியாயத்தை எடுத்துரைக்கும் பெருநூல் ஒன்றைத் திட்டமிட்ட அவர், கருத்துகளை அவை தோன்றிய போக்கிலேயே பெரிய தாள்களில் விரைந்து குறித்து, பின்னர் அத்தாள்களை நறுக்கி, பொருள்வாரியாக இழையில் கோத்துக் கட்டுகளாக்கினார். தலைப்பிட்ட 27 கட்டுகளும், எந்தக் கட்டிலும் அடங்காத துண்டுகள் பலவும் எஞ்சியிருக்க, நூல் முடிவதற்குள் அவர் இறந்தார். அத்துண்டுகளிலிருந்து தொகுக்கப்பட்டதே 1670-இல் வெளிவந்த ‘சிந்தனைகள்’.

எண்ணங்கள் தற்செயலாக வந்து தற்செயலாகவே போகின்றன என்றும், அவற்றைத் தேடிப்பெறவோ காத்துவைக்கவோ வழியேதும் இல்லை என்றும் பாஸ்கல் கருதினார். அவர் சார்ந்திருந்த ஜான்சனியம், அதாவது மனிதன் தன் முயற்சியால் மீட்படைய இயலாது, இறைவன் தானாக வழங்கும் அருளே மீட்கும் என்று புனித அகுஸ்தீனாரைப் பின்பற்றி வலியுறுத்திய கத்தோலிக்க இயக்கம், இக்கருத்துடன் நெருங்கிய உறவுடையதாகவே தோன்றுகிறது. எழுதும்போதே எண்ணம் தவறிப்போவது தன் பலவீனத்தை நினைவூட்டுவதாகவும், மறந்த எண்ணம் கற்பித்திருக்கக்கூடிய அளவுக்கு அந்த மறதியும் கற்பிப்பதாகவும் அவர் ஒரு துண்டில் குறித்திருக்கிறார்.

அவ்வாறாயின் ஏன் விரைந்து எழுத வேண்டும்? இழப்பு உண்மையிலேயே அத்துணைப் பயனுடையதென்றால் எழுதுகோலே தேவையில்லை. கத்தரியும் இழையும் அதைவிடத் தேவையற்றவை. இம்முரணைப் பாஸ்கல் முற்றிலும் தீர்த்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், எண்ணம் வருவது மனிதனின் விருப்பத்தைச் சார்ந்ததன்று என்று கொண்டவர், வந்ததை வரிசைப்படுத்துவதை மனிதனின் பொறுப்பாகவே கொண்டார் என்பதற்கு அக்கட்டுகளே சான்று. வாதத்தால் நம்பிக்கையை ஊட்ட முடியாது, அதற்கு எதிரான தடைகளை அகற்ற மட்டுமே முடியும் என்னும் அவரது நிலைப்பாட்டுடன் இது ஒத்துப்போகிறது. இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்பவற்றுள் தனித்து நிற்பது ஒரு தாள். 1654 நவம்பர் 23 இரவு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடித்த இறையனுபவத்தைத் தொடர்பறுந்த சொற்களில் பதிவு செய்த அக்குறிப்பையும், தோல் தாளில் எடுத்த அதன் படியையும் அவர் தம் மேலாடையின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். இறப்புக்குப் பிறகே அவை கண்டெடுக்கப்பட்டன. பிறரை இணங்கவைக்க உதவும் சான்றாக அந்த அனுபவத்தை அவர் கருதியதற்கு 27 கட்டுகளிலும் அறிகுறி எதுவும் இல்லை.