பழைய இதழ்கள் யாருடைய உடைமை?

ஜனக்புரிக் குடியிருப்புகளில் பரண் சிறியது. அச்சிறு பரணிலும் பாதியைப் பழைய தமிழ் இதழ்களுக்கு ஈந்த இல்லங்கள் சில உண்டு. உத்தியோகத்திற்காகத் தில்லி வந்த தலைமுறை, தபாலில் வந்த ஏடுகளை எறிய மனமின்றிச் சேர்த்து வைத்தது. 1965இல் இத்தலைநகரிலேயே பிறந்த கணையாழியும் அக்கட்டுகளில் இருக்கக்கூடும். பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெரியவர் கண்மூடியபின் கபாடிவாலாவின் தராசு வாயிலில் வந்து நிற்கிறது.

சேர்த்தவர் இவற்றிற்கு உரிமையாளரா, காப்பாளரா? விலை கொடுத்தவருக்கே உரிமை என்பர் சிலர். கடைதோறும் கிடைக்கும் நூலுக்கு அவ்வாதம் பொருந்தலாம். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ போன்றவை மிகச் சில வாசகரை நம்பியே வெளிவந்தன. அவற்றில் வந்த கதையும் கவிதையும் பின்னர்த் தொகுப்புகளில் பிழைத்துக்கொள்ளும். வாசகர் கடிதம், விளம்பரம், மதிப்புரையில் மூண்ட பூசல், சந்தா வேண்டி ஆசிரியர் விடுக்கும் விண்ணப்பம் ஆகியவை இதழோடு அழியும். (அவ்விண்ணப்பங்களைப் படித்தாலே சிற்றிதழ் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்!)

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் ஏறத்தாழ ஓர் இலட்சம். ஆராய்ச்சியாளர் அவ்வூர் தேடிச் சென்று பயன்கொண்டனர். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஆயினும் அது கடல் கடவாமல், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அயலார் கைப்பொருள் வேண்டியதாயிற்றே என வருந்துவோர் உளர். நமக்கும் அவ்வருத்தம் உண்டு. எனினும், ஒருவரின் தனிவேட்கை பலருக்கும் பயன்பட்டதே, அதுவன்றோ பெரிது?

இரவல் தந்தால் திரும்பாது என்று சேகரிப்போர் அஞ்சுவர். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் பூட்டிய கட்டும் நிலைப்பதில்லை. மலிவுத்தாளில் உள்ள அமிலம் அதனைப் பழுப்பாக்கி நொறுக்குகிறது. தில்லியின் வெயிலும் புழுதியும் அதற்குத் துணை. நூலகங்களுக்கோ இடநெருக்கடி, கட்டைக் கண்டதும் கைவிரிப்பவை உண்டு. இன்னது இருக்கிறது என்னும் பட்டியலைக் காட்டினால் அவற்றின் செவி சற்றே சாயும். பட்டியலிடத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமென்பதுமில்லை. அட்டையைக் கைப்பேசியில் படமெடுக்கப் பேரனால் முடியும். அருகிலமர்ந்து மாதத்தையும் ஆண்டையும் சொல்லத் தாத்தா இருக்கும்போதே.