பிரம்பு எட்டாத தூரம்

'அடியாத மாடு பணியாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. 'அடி உதவுகிறாற்போல அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பது மற்றொன்று. பழமொழிகள் மக்களின் பட்டறிவில் விளைந்தவை; அவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் முதற் பழமொழியில் ஒரு சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'பணியாது' என்றுதான் அது கூறுகிறது. 'கல்லாது' என்று கூறவில்லை. பணிவதும் கற்பதும் ஒன்றுதானா? இவ்வினா விலங்குகளைப் பழக்குவோருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளை வளர்ப்போருக்கும், பாடம் சொல்லிக் கொடுப்போருக்கும் உரியது.

இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு தெருநாய். ஆண்டிபட்டிக்கு அருகே வைகையின் குறுக்கே எழுந்துள்ள அணை 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அணையை ஒட்டிய பூங்காவில், காணவருவோர் சிந்தும் சோற்றை நம்பிச் சில நாய்கள் வாழ்கின்றன. அங்குச் சென்றிருந்த ஒரு நாள், கழன்றுபோன செருப்பு வாரைச் சரிசெய்வதற்காகக் குனிந்தேன். சற்றுத் தொலைவில் படுத்திருந்த நாய் சட்டென எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தது. அதற்கு நான் எத்தீங்கும் எண்ணவில்லை. ஆனால், குனிகிற மனிதன் கல்லெடுக்கவே குனிகிறான் என்ற பாடத்தை யாரோ அதற்குச் செவ்வனே கற்பித்திருந்தார்கள்.

அதே வைகை அணையில்தான் தமிழ்நாடு வனத்துறையின் பயிற்சிக் கல்லூரியும் அமைந்துள்ளது. காட்டுக் குற்றங்களைத் துப்பறியும் மோப்ப நாய்கள் அண்மை ஆண்டுகளில் அங்குப் பழக்கப்பட்டன. நாட்டு இன நாய்களும் அவற்றுள் அடங்கும். ஒரே மண், ஒரே விலங்கு. ஒன்று, மனிதன் குனிந்தால் ஓடி ஒளிகிறது. மற்றொன்று, மனிதன் ஏவினால் காட்டுக்குள் புகுந்து, அவன் கண்ணுக்குப் புலப்படாததைக் கண்டறிந்து சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது நாயின் பிறவிக்குணமன்று; மனிதனின் கை.

அந்தக் கை எப்படி இருக்கவேண்டும் என்பதில் நாய் பழக்குவோர் நெடுங்காலமாக இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். ஜெர்மானியக் காவல் நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910ஆம் ஆண்டில் எழுதிய நூல், வற்புறுத்தலைப் பயிற்சியின் அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்கரான வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட நூலும் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்துத் திருத்தும் முறையைப் பரப்பிற்று. இவ்வழியினருக்கு ஒரு விஞ்ஞானச் சான்றும் கிடைத்தது. ருடால்ஃப் ஷென்கெல் என்பார், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட்டத்தில் வலியது அடக்கி ஆளும், மெலியது அடங்கி வாழும் என்ற கருத்து அதிலிருந்து பரவிற்று. ஓநாயின் வழிவந்த நாயையும் நாம் அடக்கியே ஆளவேண்டும் என்று பலர் முடிவு கட்டினர். டேவிட் மெக் என்ற அறிஞர் 1970இல் எழுதிய நூலும் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. பின்னர் அவரே காட்டில் திரியும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரிற்கண்டு, 1999இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே. அங்குத் தலைமை என்பது பெற்றோரின் தலைமை. அந்நியரைப் பிடித்து ஒரே கூண்டில் அடைத்தால் சண்டை மூளும் என்பது ஓநாய்க்கு மட்டுமா பொருந்தும்?

மறு கட்சியின் வேர், உயிர்கள் கற்கும் முறையை ஆராய்ந்த ஸ்கின்னர் போன்றோரின் ஆய்வுகளில் உள்ளது. அதைப் பழக்குவோரின் கைக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் ஒருவர் கேரன் பிரையர். ஹவாய்த் தீவில் ஓங்கில்களைப் பழக்கியவர் அவர். 1984இல் அவர் எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது. ஓங்கிலுக்குக் கழுத்தில் வார் கட்ட முடியாது. கையை ஓங்கினால் அது நீந்திப் போய்விடும், பிறகு வராது. ஆகவே அது சரியாகச் செய்த நொடியிலேயே ஒலியால் உணர்த்தி, மீனைக் கொடுத்துக் கற்பிப்பது ஒன்றே வழி. அடிக்க முடியாத இடத்தில், மனிதன் வேறு வழியின்றிக் கற்பிக்கக் கற்றுக்கொண்டான்!

கடுமையைப் போற்றுவோரின் கூற்றையும் நாம் நேர்மையோடு கேட்கவேண்டும். அவர்கள் அனைவரும் கொடியவர் அல்லர். சாலையில் விரையும் பேருந்தின் முன் பாயும் நாயை ஒரு சுண்டு சுண்டி இழுத்தால் அதன் உயிர் பிழைக்கும். உங்கள் தின்பண்டம் அப்போது உதவுமா என்று கேட்கின்றனர். இதில் நியாயம் உண்டு. ஆபத்தில் தடுப்பது வேறு. அதையே அன்றாடப் பாடமுறையாகக் கொள்வது வேறு. மென்மை என்பது செல்லம் கொடுப்பதும் அன்று. செய்யாத வேலைக்குப் பரிசு இல்லை என்பதில் மென்மையான ஆசான் அணுவளவும் தளரமாட்டார். போர்த்துக்கல் நாட்டில் 92 நாய்களை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், தண்டித்துப் பழக்கப்பட்டவற்றின் எச்சிலில் பயிற்சிக்குப் பின் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு கூடியிருந்தது. எதிரே வைத்த கிண்ணத்தில் உணவு இருக்குமோ இராதோ என்ற ஐயம் எழுந்த இடத்திலும், மிகக் கடுமையாகப் பழக்கப்பட்டவை நம்பிக்கை குன்றித் தயங்கியே சென்றன.

ஆனால், வலி என்பது இதில் ஒரு பாதிதான். மறு பாதி உண்மை பற்றியது. மோப்ப நாய் வெறும் வேலையாள் அன்று. அது ஒரு சாட்சி. மறைத்து வைத்த பொருளின் வாடையைக் கண்டால் உட்கார்ந்தோ குரைத்தோ அறிவிக்கிறது. அதனை நம்பி ஒருவன் வீடு சோதனைக்கு உள்ளாகிறது. அமெரிக்காவில் 18 நாய்களையும் அவற்றை நடத்துவோரையும் கொண்டு ஒரு சோதனை நடத்தி 2011இல் வெளியிட்டனர். தேடிய இடத்தில் எப்பொருளும் இல்லை; ஆனால் இருக்கக்கூடும் என்று நடத்துவோரிடம் சொல்லி வைத்திருந்தனர். 'இருக்கிறது' என்ற தவறான அறிவிப்புகள் ஏராளமாக வந்தன. மனிதனின் எதிர்பார்ப்பு அவன் அறியாமலே முடிவைத் திரித்துவிடுகிறது. அந்நாய்கள் அடிபட்டவை என்று நான் கூறவில்லை. அச்சமின்றியே இவ்வளவு நேருமானால், தலைவனின் முகக்கோணலுக்கு நடுங்கும் நாய் என்ன சொல்லும்? வாடையை நோக்கி நில்லாமல் அவன் முகத்தை நோக்கி நிற்கும். அடித்துப் பெற்ற சாட்சியத்தை எந்த நீதியும் ஏற்பதில்லை. நாயின் சாட்சியம் மட்டும் விதிவிலக்கா?

இவ்வுண்மையை மனிதரைக் கொண்டே விளக்கியவர் இப்னு கல்தூன் (1332–1406). 1377இல் எழுதிய தம் முகத்திமாவில், மாணவரைக் கடுமையால் வளர்த்தால் அவர்களுடைய உள்ளம் சுருங்கும், ஊக்கம் குன்றும், அடிக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் பழக்கம் குணமாகவே ஊறிவிடும் என்ற கருத்தை அவர் நிறுவுகிறார். கடுமை வலியைத் தருவதோடு நிற்பதில்லை, பொய்யையும் கற்பிக்கிறது.

இனி, நாய் பழக்குவது நம் மார்க்கத்துக்கு அயலான பொருள் என எவரும் கருதவேண்டா. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்து நான்காம் வசனம் வேட்டைக்குப் பழக்கிய பிராணிகளைப் பற்றியே பேசுகிறது. அல்லாஹ் உங்களுக்குக் கற்றுத் தந்ததிலிருந்தே அவற்றுக்கு நீங்கள் கற்பிக்கிறீர்கள் என்ற கருத்து அங்கே இடம்பெறுகிறது. எத்துணை உயர்ந்த கருத்து! நாய்க்குக் கற்பிப்பவனும் தான் பெற்ற கொடையிலிருந்தே கொடுக்கிறான். பழகாத நாய் பிடித்ததற்கும் பழகிய நாய் பிடித்ததற்கும் சட்டம் வேற்றுமை காட்டுகிறது. கல்விக்கு அத்துணை மதிப்பு.

ஆயினும் ஒரு செய்தியை மறைத்தல் ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் இராவுத்தர் பெருமக்கள் பின்பற்றும் ஹனஃபி வழியின் பெருநூல்களுள் ஒன்று ஹிதாயா. பிடித்ததைத் தின்னாதிருத்தல் நாய் பழகியதற்கு அடையாளம். அழைத்தால் திரும்புதல் பருந்தினம் பழகியதற்கு அடையாளம் என்று அது வகுக்கிறது. இவ்வேற்றுமைக்குக் காரணம் கூறுமிடத்து, பறவையின் உடல் அடியைத் தாங்காது, நாயின் உடல் தாங்கும் என்ற கருத்தும் வருகிறது. கடுமையை விரும்புவோர் இதைச் சான்றாகக் காட்டலாம். நான் இதனை வேறுவிதமாகப் படிக்கிறேன். அது அக்கால வழக்கத்தை எடுத்துக்காட்டி ஓர் அடையாளத்தை விளக்குகிறதேயன்றி, அடிப்பதைக் கடமையாக்கவில்லை. மேலும், அடிக்கவே முடியாத பறவை வானில் விட்டபின்னும் அழைத்தவன் கைக்கு மீண்டு வருகிறதென்றால், அடியின்றியும் கல்வி முற்றும் என்பதற்கு அதே பக்கமன்றோ சான்று? 'தாங்கும்' என்பது உடலின் வன்மையைக் குறிக்கும் சொல்; நம் உரிமையைக் குறிக்கும் சொல்லன்று. தாங்குகிறது என்பதற்காக அடிக்கலாம் என்றால், உலகில் ஏழைகள் அனைவரையும் அடிக்கலாமே!

இன்னொன்றும் எண்ணுக. வேட்டை நாய் தன் வேலையைத் தலைவனின் காலடியில் செய்வதில்லை. புதர் கடந்து, பள்ளம் தாண்டி, அவன் பார்வைக்கு அப்பால் இரையைப் பிடிக்கிறது. பசியோடு இருந்தும் தின்னாமல் காக்கிறது. மோப்ப நாயும் அப்படியே. பிரம்பு எட்டாத தூரத்தில்தான் கல்வி சோதிக்கப்படுகிறது. அங்கே துணை வருவது அச்சமன்று. உள்ளே ஊறிய பழக்கமும், தன்னை ஏவியவன் மீதுள்ள நம்பிக்கையுமே.

நாயின் எச்சில் பற்றிய தூய்மைச் சட்டத்தைக் காட்டி, அதனிடம் இரக்கம் வேண்டா என எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. கழுவுதல் பற்றிய விதி கழுவுதலுக்கே உரியது. கல்லெறிவதற்கு அது அனுமதிச் சீட்டு அன்று. விலங்கை அடித்து உதைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகவே வைத்துள்ளது.

மென்மைக் கட்சியாருக்கும் ஒரு சொல். நாயிடம் தேனாகப் பேசி, அதை அடித்து வளர்த்த மனிதனிடம் நஞ்சாகப் பேசுவோரைக் கண்டிருக்கிறேன். கோலைத் தவிர வேறெதையும் தகப்பனிடம் கற்காத ஆட்டிடையனை இகழ்ந்துவிட்டால் அவன் திருந்துவானா? அவனும் அஞ்சி, நம் முன்னே தடவிக்கொடுத்துவிட்டு, நாம் போனபின் கோலை எடுப்பான். மென்மை உண்மையான வழியென்றால் அது மனிதனுக்கும் வழிதான்.

இதை எழுதும் கையும் குற்றமற்றதன்று. சிறுவயதில் ஓதப் போன இடத்தில் பிரம்படி பட்டவன் நான். உஸ்தாதின் நிழல் தெரிந்தால் உதடுகள் அசையும். அவர் திரும்பினால் நின்றுவிடும். ஓதக் கற்றேனோ இல்லையோ, ஓதுவதுபோல் நடிக்க நன்றாகக் கற்றேன். பின்னர் என் மகனின் கணக்குப் புத்தகத்தின்மேல் அதே பிரம்பை நானும் வைத்தேன். பல ஆண்டுகள் கழித்து, 'எனக்குப் புரியாத கணக்கையெல்லாம் புரிந்தது என்றே உங்களிடம் சொன்னேன், அத்தா' என்று அவன் சிரித்துக்கொண்டே கூறினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அணையோரத்து நாய் ஓடிய அன்று, நான் செருப்பைக் கையில் பிடித்தவாறே நெடுநேரம் நின்றேன். தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலணியில் நீர் மொண்டு கொடுத்த ஒருவரின் பாவத்தை இறைவன் மன்னித்தான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி. அவரும் மனிதர்தாம், அவர் கையிலிருந்ததும் காலணிதான், நீர் மொள்ள அவரும் குனிந்துதான் இருப்பார். நாம் குனிவது கல்லுக்கா, நீருக்கா என்பதை நம் எதிரே நிற்கும் உயிர் உடனே கற்றுக்கொள்கிறது. நாம் கற்பிக்கும் முதற்பாடம் அதுவே.